கண்மாய்கள் பற்றிய வலைப்பதிவு: வாசகர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், என்ன செய்யலாம்?

கேட்டவர்: கரைவழி

வணக்கம். 2014லிருந்து கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் தனியாக ஒரு வலைப்பதிவு எழுதி வருகிறேன். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்கள், அதாவது பாசன ஏரிகள்தான் பொருள். மடை (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாய்), கலுங்கு (மிகுதித் தண்ணீர் வெளியேறும் இடம்), வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்), ஊருக்கு ஊர் மாறும் தண்ணீர்ப் பங்கீடு, மடை திறந்து அடைக்கிற பெரியவர்கள் சொன்ன விவரங்கள் என்று எழுதுகிறேன். நேரில் போய்ப் பார்க்காத கண்மாயைப் பற்றி எழுதியதே இல்லை.

2018, 2019 வரை ஒவ்வொரு பதிவுக்கும் பின்னூட்டம் வரும். பழைய பதிவுகளைத் தேடிவந்து கேள்வி கேட்பார்கள். அதன்பிறகு மெல்ல மெல்ல எல்லாம் அடங்கிவிட்டது. இப்போது பதிவு போட்ட அன்று நாலு பேர் வருகிறார்கள், மறுநாள் யாரும் இல்லை. சில நாள் புள்ளிவிவரப் பக்கத்தில் திடீரென்று நூற்றுக்கணக்கான பார்வைகள் காட்டும், எல்லாம் வெளிநாட்டிலிருந்து. ஒரு பின்னூட்டம்கூட இருக்காது. கூகுளில் கண்மாய் பற்றி எதைத் தேடினாலும் என் பதிவு கண்ணில் படுவதில்லை.

நண்பர்கள் யூடியூபுக்குப் போகச் சொல்கிறார்கள். எனக்கு எழுத்துதான் வரும், அதை விடவும் மனமில்லை. எங்கே தவறுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: தினமொருபதிவு

வாட்ஸ்அப் குழுக்கள்தான் அண்ணே இப்போ எல்லாம். ஐம்பது குழுவில் சேர்ந்து, பதிவு போட்டதும் எல்லாவற்றிலும் இணைப்பைத் தட்டிவிடுங்கள். தினமும் ஒரு பதிவு போட்டால் தானாகக் கூட்டம் வரும்.

மறுமொழி: சர்வர்ரூம்

மேலே சொன்னதைச் செய்யாதீர்கள் சார். பத்து நாளில் பாதிக் குழுக்களிலிருந்து நீக்கிவிடுவார்கள். களத்துக்குப் போய் எழுதுகிறவரால் தினமும் எழுதவும் முடியாது.

முதலில் அந்த வெளிநாட்டுப் பார்வைகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். பெரும்பாலும் தானியங்கி நிரல்கள்தான் வந்துபோயிருக்கும். பிளாக்கரின் எண்ணிக்கையில் அவையும் சேர்ந்துவிடும். உங்கள் வருகையையே அது எண்ணிக்கொண்டிருக்கலாம், அதை நிறுத்த அங்கேயே ஒரு தேர்வு இருக்கிறது.

அடுத்து, பிளாக்கர் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியைத் திறந்து, தேடுபொறிகளுக்குத் தெரியட்டும் என்ற பொத்தான் இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். அது அணைந்திருந்தால் வேறு என்ன செய்தாலும் பலன் இல்லை. பிறகு கூகுள் சர்ச் கன்சோலில், அதாவது உங்கள் பக்கங்கள் கூகுள் தேடலில் எப்படி வருகின்றன என்று காட்டும் கருவியில், வலைப்பதிவைச் சேருங்கள். இலவசம்தான். முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு சைட்மேப் டாட் எக்ஸ்எம்எல் என்று கொடுத்தால் பதிவுகளின் பட்டியல் கூகுளுக்குப் போய்விடும். இரண்டு மூன்று நாள் கழித்து எத்தனை பக்கங்கள் கூகுள் தேடலில் சேர்ந்திருக்கின்றன, எத்தனை விடுபட்டிருக்கின்றன என்று பார்த்து இங்கே சொல்லுங்கள். அது தெரியாமல் யோசனை சொன்னால் எல்லாம் ஊகம்தான்.

கரைவழி

நன்றி. பொத்தான் இயக்கத்தில்தான் இருக்கிறது. சர்ச் கன்சோலில் சேர்த்துப் பார்த்தேன். புதிய பதிவுகள் ஓரளவு சேர்ந்திருக்கின்றன. பழைய தொடர்களில் பாதிக்கு மேல் ‘கண்டறியப்பட்டது, இன்னும் சேர்க்கப்படவில்லை’ என்ற வகையில் கிடக்கின்றன. ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் பற்றிய தொடரில் முதல் பகுதி மட்டும் இருக்கிறது, மற்றவை இல்லை. வலைப்பதிவு முகவரியை என் பயனர் பக்கத்தில் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

மறுமொழி: பழையபதிவர்

உங்கள் வலைப்பதிவைத் திறந்து அந்தத் தொடரின் முதல் பகுதியைப் படித்தேன். கடைசியில் ‘அடுத்த பகுதி’ என்று இருந்ததை அழுத்தினேன், பக்கம் வரவில்லை. எங்கே போகிறது என்று பார்த்தால் பிளாக்ஸ்பாட் டாட் இன். பிளாக்கர் பதிவுகளின் முகவரி பிளாக்ஸ்பாட் டாட் காம் என்றுதான் முடிய வேண்டும்.

காரணம் இதுதான். 2012லிருந்து 2018 வரை இந்தியாவிலிருந்து யார் பிளாக்கர் பதிவைத் திறந்தாலும் டாட் காமிலிருந்து டாட் இன்னுக்குக் கூகுள் திருப்பிவிட்டது. அப்போது முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து ஒட்டிய எல்லா இணைப்புகளும் டாட் இன் என்றே பதிந்துவிட்டன. 2020இல் அந்த டாட் இன் பெயர் கூகுளின் கையை விட்டுப் போய்விட்டது. அதோடு அந்த இணைப்புகள் எல்லாம் செத்தன. உங்கள் வலைப்பதிவு டாட் காமில் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு வருகிற வழிதான் அறுந்துவிட்டது. பின்னூட்டங்கள் குறைந்ததாக நீங்கள் சொல்லும் காலமும் இதோடு ஒத்துப்போகிறது. நம்மில் நிறையப் பேருக்கு இது நடந்தது, பலர் இன்னும் கவனிக்கவே இல்லை.

செய்ய வேண்டியது கைவேலைதான். ஒவ்வொரு பழைய பதிவையும் எச்டிஎம்எல் பார்வையில் திறந்து, டாட் இன் என்று இருப்பதை டாட் காம் என்று மாற்றிச் சேமியுங்கள். தொடர் பதிவுகளை முதலில் முடியுங்கள். பகுதிகளுக்குள் இணைப்பு சரியானால் கூகுளும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்ச் சேரும். முகநூலில் நீங்களே போட்ட பழைய இடுகைகளையும் திருத்துங்கள். மற்றவர்கள் தளங்களில் இருந்தால் ஒரு வரி எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004இல் தமிழ்மணம் வந்த பிறகு எங்களுக்கெல்லாம் வாசகர்கள் அந்தத் திரட்டி, அதாவது பலருடைய புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தளம், வழியாக வந்தார்கள். பதிவு போட்டால் முகப்பில் தெரியும், பத்துப் பேர் வந்து சண்டையாவது போடுவார்கள். பிடித்த தளங்களின் புதிய பதிவுகளைத் தொகுத்துக் காட்டிய கூகுள் ரீடரில் சேர்த்து வைத்துப் படித்தவர்கள் இருந்தார்கள். அது 2013 ஜூலையில் மூடப்பட்டது. மின்னஞ்சலில் பதிவை அனுப்பிக்கொண்டிருந்த ஃபீட்பர்னர் சேவையும் 2021இல் நின்றது. வழக்கமாக வந்தவர்களைக் கூட்டிவந்த வண்டிகள் ஒவ்வொன்றாக ஓட்டத்தை நிறுத்திவிட்டன. அவர்களுக்கு உங்கள் எழுத்து பிடிக்காமல் போகவில்லை. அந்த நாட்களில் பழகிய முகங்கள் பல இப்போது எங்கே இருக்கின்றன என்று எனக்கும் தெரியாது, அந்த ஏக்கம் எனக்கு இன்னும் உண்டு.

அதனால் மின்னஞ்சல் பட்டியல் ஒன்றை நீங்களே தொடங்குங்கள். இதுவரை பின்னூட்டம் எழுதியவர்களில் தொடர்பில் இருப்பவர்களைக் கேட்டு, சம்மதித்தவர்களை மட்டும் சேருங்கள். மாதம் ஒரு கடிதம் போதும். இருபது பேர் என்றாலும் திறந்து படிக்கிற இருபது பேராக இருப்பார்கள்.

மறுமொழி: ஆயக்கட்டு

நான் மானாமதுரைப் பக்கம், பள்ளியில் சமூக அறிவியல் சொல்லித்தருகிறேன். உங்கள் வலைப்பதிவை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், அதுதான் வருத்தமாக இருக்கிறது. போன வருடம் பிள்ளைகளுக்குக் குமிழி மடையை விளக்க ஒரு நல்ல தமிழ்க் கட்டுரை தேடித் தேடி அலுத்துப்போனேன். உங்களிடம் அருமையாக இருந்திருக்கிறது! கல்தூண்கள் இரண்டும் தண்ணீருக்கு மேலே நிற்கிற படம், அடைப்புக்கல்லைத் தூக்கினால் நீரோடித் துளை வழியாகத் தண்ணீர் இறங்குவது, அடியில் இருக்கும் சேறோடித் துளை வண்டலை இழுத்துக்கொண்டு போவது, எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தலைப்பு ‘நீரின் மூச்சு’. குமிழி என்ற பேச்சே நாலாவது பத்தியில்தான் வருகிறது. நான் எப்படி சார் அதைக் கண்டுபிடிப்பேன்?

தலைப்பு அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. அதைப் பதிவுக்குள் துணைத்தலைப்பாக வையுங்கள். மேலே ‘குமிழி மடை எப்படி வேலை செய்கிறது?’ என்று போடுங்கள். ஊர்ப்பெயரும் கண்மாய்ப்பெயரும் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். ஆர்.எஸ். மங்கலம் தொடருக்கு ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்ற சொலவடையே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்தக் கண்மாயைத் தேடுகிறவர் அதையும் சேர்த்துத்தான் தேடுவார். அதை விட்டுவிட்டு ‘பகுதி 3’ என்று மட்டும் வைத்தால் யாருக்கு என்ன புரியும்?

வாட்ஸ்அப்பை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். எந்தக் கண்மாயைப் பற்றி எழுதினீர்களோ, அந்த ஊர் விவசாயிகள் குழு ஒன்றில் மட்டும் போடுங்கள். வெறும் இணைப்பு வேண்டாம். ‘கிழக்கு மடைக்கு அந்தக் காலத்தில் எத்தனை நாள் தண்ணீர் விட்டார்கள் என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள், உங்களுக்குத் தெரியுமா?’ என்று கேட்டுவிட்டு இணைப்பைக் கொடுங்கள். பேரனோ பேத்தியோ வீட்டில் வாசித்துக் காட்டுவார்கள், தாத்தா திருத்தம் சொல்வார். அந்தத் திருத்தத்தைப் பதிவில் சேர்த்துவிட்டால் அடுத்த முறை அந்த ஊரே உங்கள் வாசகர்.

கரைவழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆர்.எஸ். மங்கலம் தொடர் முழுக்க இணைப்புகளை மாற்றி முடித்தேன். மற்றவற்றை ஒவ்வொன்றாகச் செய்து வருகிறேன். சர்ச் கன்சோலில் அந்தத் தொடரின் இரண்டு பகுதிகள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. ‘கண்மாய் கலுங்கு’, ‘மடை வகைகள்’ என்று தேடியவர்களுக்கு என் பதிவு காட்டப்பட்டிருப்பதும் தெரிகிறது. இரண்டாம் மூன்றாம் பக்கத்தில்தான், ஆனாலும் காட்டப்பட்டிருக்கிறது. குமிழி மடைப் பதிவை ஒரு ஊர்க்குழுவில் கேள்வியோடு போட்டேன். தொலைபேசியில் ஒருவர் அழைத்து, நான் எழுதியிருந்த மடையின் பெயரே வேறு என்று முக்கால் மணி நேரம் பேசினார். ரொம்ப நாளைக்குப் பிறகு கிடைத்த சந்தோஷம் அது.

ஒரு சந்தேகம். பழைய பதிவுகளின் தலைப்பை இப்போது மாற்றினால் முகவரியும் மாறி, மறுபடி இணைப்புகள் செத்துப்போகுமா? தமிழில் தலைப்பு வைத்ததால் முகவரிகள் எல்லாம் பிளாக் போஸ்ட் என்ற சொல்லும் ஏதோ ஒரு எண்ணுமாக இருக்கின்றன. அவற்றையும் மாற்ற வேண்டுமா?

மறுமொழி: சர்வர்ரூம்

தலைப்பைத் தாராளமாக மாற்றுங்கள் சார். வெளியிட்ட பதிவின் முகவரி தலைப்போடு சேர்ந்து மாறாது. பழைய முகவரிகளில் கை வைக்கவே வேண்டாம். முகவரியில் இருக்கும் சொற்களால் தேடலில் கிடைக்கும் பலன் மிகச் சிறியது, இருக்கிற இணைப்பு அறுந்தால் வரும் நட்டம் பெரியது.

புதிய பதிவுகளுக்கு மட்டும், வெளியிடும் முன் வலப்பக்கத்தில் நிலையான இணைப்பு என்ற இடத்தில் கண்மாய்ப் பெயரை ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டிவிடுங்கள். அந்த இடம் தமிழ் எழுத்தை ஏற்காது. அப்படியே அமைப்புகளில் தேடல் விளக்கத்தையும் இயக்கிவிட்டு, பதிவுக்குப் பதிவு இரண்டு வரி எழுதுங்கள். தேடல் முடிவில் கூகுள் சில சமயம் அதைத்தான் காட்டும்.

தலைப்பு மாற்றிய பதிவுகளை சர்ச் கன்சோலில் ஒவ்வொன்றாகக் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று வரம்பு உண்டு, அதனால் குமிழி மடையிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து எந்தெந்தச் சொல்லுக்கு எந்தப் பதிவு காட்டப்படுகிறது என்ற பட்டியலை இங்கே போடுங்கள், அடுத்து எதைத் திருத்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.