புதுப்பிப்பு: பனிமலை பூட்ஸ் கிடைத்துவிட்டது

பனிக்கால மலையேற்றத்துக்குப் பூட்ஸும், பனியில் வழுக்காமலிருக்க அதன் அடியில் மாட்டும் கூர்முனைச் சட்டமான கிராம்பானும் இணையத்தில் வாங்கலாமா, பக்கத்தில் கடை தேடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பூட்ஸையாவது போட்டுப் பார்த்து வாங்கச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதுதான் சரி.

முதலில் போன கடையில், கையால் மடிக்க முடிகிற நடைப்பயண ஷூவைக் காட்டி, விறைப்பான கிராம்பானே அதற்குப் போதும் என்றார்கள். மடங்கும் அடிப்பாகத்தில் அது கழன்றுவிடும், உடையவும் கூடும். திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாவது கடைக்காரர் முதலில் கேட்டதே, "எந்த மாதிரி சரிவில் ஏறப் போகிறீர்கள்?" என்றுதான். மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், என் தடித்த காலுறையோடு வரச் சொன்னார். சாய்வுப் பலகையில் இறங்கச் சொல்லி விரல் நுனி முன்னால் இடிக்கிறதா என்று பார்த்தார், ஏறும்போது குதிகால் தூக்குகிறதா என்று பார்த்தார். அரை மணி நேரம் அப்படியே நடந்தேன். கடைசியில் வாங்கியது, அடிப்பாகம் ஓரளவு விறைப்பாக இருக்கும் பி2 வகை பூட்ஸ், அதற்குப் பொருந்தும் சி2 வகை கிராம்பான். கிராம்பானை மாட்டி, அதன் வாரைக் கட்டாமலே பூட்ஸைத் தூக்கி உலுக்கிக் காட்டினார், கிராம்பான் அசையவில்லை. அந்த ஒரு நொடியில் மனசு நிம்மதியாகிவிட்டது.

அப்புறம், பனிக்கோடரியை இப்போதைக்கு வாடகைக்கு எடுக்கச் சொன்னதும் அவர்தான். விற்பதைவிட என் பாதுகாப்பைப் பார்த்தவர். கையுறைக்கும் அங்கேயேதான் போகப் போகிறேன்.