நர்ஸம்மா நினைவுகள்: உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்

செங்காந்தள்:
அம்மா போய் நாற்பது நாள் ஆகிறது. 34 வருடம் அரசு ஆஸ்பத்திரி, பாதிக்கு மேல் பிரசவ வார்டு. எழுத எவ்வளவோ இருக்கிறது, என்னைத் தூங்கவிடாதது ஒன்றுதான். கடைசி வாரம் அவளுக்கு யாரையும் தெரியவில்லை. "யாரும்மா நீ?" என்றாள் என்னிடம். அன்று ராத்திரி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் விரல் மெதுவாக நகர்ந்து என் கட்டைவிரலுக்குக் கீழே, நாடி ஓடுகிற இடத்தில் வந்து நின்றது. மூன்று விரல். அப்புறம் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். வாட்ச் இல்லை. நான்தான் கழற்றி வைத்திருந்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தாள். சின்ன வயதில், நைட் டூட்டி முடிந்து வந்ததும் தூங்குகிற எங்கள் கையை இப்படித்தான் பிடிப்பாள். கொஞ்சுகிறாள் என்று நினைத்திருந்தேன். நாடியை எண்ணியிருக்கிறாள்.

கரிசல்மண்:
எங்கள் ஊர் சப்-சென்டர் நர்ஸம்மா. 1993, தம்பிக்கு வயிற்றுப்போக்கு, கண் குழி விழுந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பாட்டி ஒரு சொட்டு விடவில்லை. நர்ஸம்மா பாட்டியோடு சண்டை போடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, தம்பியை மடியில் போட்டு, ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைப் பொடியைக் கரைத்து ஒரு ஸ்பூன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஸ்பூன். வாந்தி எடுத்தான். பத்து நிமிஷம் விட்டு மறுபடி. மத்தியானம் உட்கார்ந்தவர் கடைசி பஸ் போயும் எழவில்லை. இருட்டின பிறகு அவர் சேலை நனைந்தது. "ஒண்ணுக்குப் போயிட்டான் பாட்டி, இனி பயமில்ல." அவர் வீட்டிலும் கைக்குழந்தை இருந்தது பிறகுதான் தெரிந்தது.

தாமிரபரணிக்காரன்:
கரிசல்மண், வருத்தப்பட வேண்டாம், கடைசி பஸ் போனதை நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதிரி பஸ்ஸுக்காக வாசலில் காத்திருந்தவன் நான். பக்கத்து வீட்டு அத்தைதான் சோறு போடுவார். மாற்று ஆள் போட்டிருந்தால் நர்ஸான என் அம்மா இரண்டு பக்கமும் அல்லாடியிருக்க வேண்டாம். 2004 சுனாமிக்கு நாகப்பட்டினம் டூட்டி. பத்து நாள் கழித்து வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் தலையை முகர்ந்துகொண்டே இருந்தார்.

ஓய்வு வாத்தியார்:
என் பேத்திக்குத் தடுப்பூசி போட்ட சிஸ்டரின் பொறுமையை இன்றைக்கும் நினைப்பேன், அவ்வளவுதான் என் கதை. ஆனால் கரிசல்மண் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் கண்ணளவில் கரைக்கக் கூடாது. பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவும் ஊற்றுங்கள். பாதிப் பொடியைத் தம்ளரில் கொட்டிக் கலக்காதீர்கள், உப்பு கூடினால் ஆபத்து. பாக்கெட் கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. டாக்டர் துத்தநாக மாத்திரை எழுதினால், போக்கு நின்றாலும் சொன்ன நாள் வரை கொடுங்கள். குழந்தை குடிக்க மறுத்தால், துவண்டால், மலத்தில் ரத்தம் கண்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

செங்காந்தள்:
தாமிரபரணிக்காரன், என் பத்தாவது பரீட்சை அன்றும் அம்மா வீட்டில் இல்லை. அந்தக் கோபம் எனக்கும் ரொம்ப வருஷம் இருந்தது. வாட்சைக் கழற்றியது, தோல் மெலிந்துபோய் பட்டை உரசிப் புண்ணாகிறதே என்றுதான். கட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தாள்.