சுகர் வந்தால் அரிசியை அடியோடு விடவேண்டுமா, அளவைக் குறைத்தால் போதுமா?

தேனி பாலு:
போன வருஷம் எனக்குச் சுகர் இருப்பது தெரிந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி எட்டைத் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து சோறு, இட்லி, தோசை, இடியாப்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். மைதா, ரவை, சர்க்கரையும் கிடையாது. முட்டை, மீன், கோழி, பன்னீர், கீரை, காய்கறி, தேங்காய், நெய் இவைதான் சாப்பாடு. இப்போது ஆறைச் சுற்றி நிற்கிறது. எடை நன்றாக இறங்கிவிட்டது. டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார்.

எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் "கொஞ்சமா சாப்பிடு, ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்பா, பெரியப்பா இரண்டு பேருமே கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே கால் புண் வரைக்கும் போனவர்கள். அதனால் நான் உறுதியாகச் சொல்கிறேன்: சுகர் உள்ளவருக்கு அரிசி தேவையே இல்லை. குறைத்துக்கொள் என்று சொல்வது அரைகுறை ஆலோசனை. மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், பேசுவோம்.

திருவாரூர் சேகர்:
பாலு, உடம்பு தேறியதில் சந்தோஷம். ஆனால் நீங்கள் விட்டது அரிசியை மட்டும் இல்லையே. மைதா போயிற்று, சர்க்கரை போயிற்று, எடையும் குறைந்தது. இத்தனையும் சேர்ந்து செய்த வேலைக்கு அரிசி ஒன்றையே குற்றவாளி ஆக்குகிறீர்கள்.

அரிசிக்கும் சுகருக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ப்யூர் ஆய்வு 2020இல் வந்தது. 21 நாடுகளில் 1,30,000க்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக ஒன்பதரை வருடம் கவனித்தார்கள். தினம் 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழே சாப்பிட்டவர்களைவிடச் சுகர் வரும் வாய்ப்பு 20 சதவீதம் அதிகம். தெற்காசியாவை மட்டும் எடுத்தால் 61 சதவீதம். ஆனால் சீனாவில் அப்படிச் சொல்லும்படியான தொடர்பு தெரியவில்லை. அங்கேயும் சோறுதானே சாப்பிடுகிறார்கள்?

450 கிராம் என்பது ஏறக்குறைய மூன்று கப். எங்கள் பக்கம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மதியம் ஒரே வேளையில் அது முடிந்துவிடும். பக்கத்தில் பொரியல் ஒரு கரண்டி இருந்தால் பெரிது. திருத்தவேண்டியது இந்தத் தட்டை. அரிசியையே தூக்கி எறிவதற்கு இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை.

மதுரை முகில்:
சேகர் சார், ப்யூர் ஆய்வு சுகர் இல்லாதவர்களைத் தொடர்ந்து பார்த்தது. யாருக்குச் சுகர் வரும் என்பதற்குத்தான் அது பதில். வந்தவர் என்ன சாப்பிடவேண்டும் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019இல் வெளியிட்ட உணவு அறிக்கையில், ரத்தச் சர்க்கரையைச் சரிசெய்ய மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் அதிகச் சான்று இருப்பதாகச் சொன்னது. 2021இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 23 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆறு மாத முடிவில் மாவுச்சத்தைக் குறைத்தவர்களில் 57 சதவீதம் பேருக்கு ஹெச்பிஏ1சி ஆறரைக்குக் கீழே வந்தது. மற்ற உணவுமுறையில் இருந்தவர்களில் 31 சதவீதம். ஒரு கப் சோற்றில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. நம் வீடுகளில் மாவுச்சத்து முக்கியமாக எதிலிருந்து வருகிறது? சென்னையில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், நகரத்து ஆட்களின் அன்றாடக் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து வந்தது. அந்தப் பாதியில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி. அப்புறம் வேறு எதில் கைவைப்பது?

ஈரோடு கவிதா:
நான் உணவு ஆலோசகர். முகில் சொன்ன தொகுப்பாய்வு நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின. குறைந்த மாவுச்சத்து என்று அவர்கள் வைத்த வரம்பு ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழ். பூஜ்யம் இல்லை. அந்த வரம்புக்குள் மதியம் ஒரு கப் சோறு தாராளமாக அடங்கும். இன்னொன்று, ஆறு மாதத்தில் தெரிந்த பலன் பன்னிரண்டு மாதத்தில் பெருமளவு மங்கிவிட்டது. தொடர்ந்து கடைப்பிடிக்க முடியாத உணவுமுறைக்கு எல்லா நாட்டிலும் இதே கதிதான்.

இங்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வுக்குழு 2022இல் ஒரு கணக்குப் போட்டது. சுகர் புதிதாகத் தெரிந்தவர்கள் மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவீதம் அளவுக்கு உயர்த்தினால் நோய் தணிய வாய்ப்பு உண்டு என்பது அதன் முடிவு. கணிப்புதான், நேரடிச் சோதனை இல்லை. ஆனாலும் அறுபது, எழுபது சதவீதத்தில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஐம்பதுக்கு வருவதே பெரிய இறக்கம். அதைச் செய்யவைக்கவே நான் படாதபாடு படுகிறேன்.

நெல்லை மீனா:
இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது இன்று ராத்திரியே சோற்றை நிறுத்திவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். என் அம்மா சுகருக்குக் கிளிமிபிரைடு மாத்திரை போடுபவர். யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு ராத்திரி இட்லியை நிறுத்தினார். மாத்திரையை நிறுத்தவில்லை. விடிகாலையில் உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறி, எங்களை அடையாளம் தெரியாமல் விழித்தார். சுகர் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மீட்டோம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

பாலு அண்ணா, உங்களுக்கு டாக்டர் மாத்திரையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த வரிதான் உங்கள் பதிவிலேயே முக்கியமானது. அது ஓரமாக நிற்கிறது.

ஈரோடு கவிதா:
மீனா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி "கிளிஃப்ளோசின்" என்று பெயர் முடியும் சுகர் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. இவற்றைப் போட்டுக்கொண்டே மாவுச்சத்தை அறவே நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். அப்போது சுகர் சாதாரணமாகவே காட்டும். வாந்தியும் களைப்பும் வந்தாலும் சுகர் சரியாகத்தான் இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது. உணவை மாற்றும் முன் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

தேனி பாலு:
மீனா, கவிதா மேடம், இதை நூறு சதவீதம் ஒத்துக்கொள்கிறேன். டாக்டரைக் கேட்காமல் யாரும் ஆரம்பிக்கவேண்டாம். ஆனால் இது எப்படிச் செய்யவேண்டும் என்பதைப் பற்றிய எச்சரிக்கை. செய்யக்கூடாது என்பதற்குக் காரணம் ஆகாது. மாத்திரையைக் குறைக்கவேண்டி வருகிறது என்றாலே இந்த உணவு வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

தண்டையார்பேட்டை ரேவதி:
எல்லாரும் சதவீதம் பேசுகிறீர்கள். நான் காசு பேசுகிறேன். எங்கள் வீட்டில் மாமியாருக்குச் சுகர். ரேஷனில் 2011லிருந்து அரிசி இலவசம். அதை வைத்துத்தான் மாசம் ஓடுகிறது. பாலு அண்ணா பட்டியலில் இருக்கும் பன்னீர், மீன், நெய் எல்லாம் ஒரு ஆளுக்கு மூன்று வேளைக்கு வாங்கினால் வாடகைக்கு எங்கே போவது? ரேஷனில் துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, உண்மைதான். ஒரு அட்டைக்கு மாசம் ஒரு கிலோ. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் அது சாம்பாரில் கரைந்துபோகிறது.

காசு ஒரு பக்கம். அடுப்படியில் நிற்பது யார்? மாமியாருக்குத் தனி, பிள்ளைகளுக்குத் தனி, வீட்டுக்காரருக்கு டிபன் பாக்ஸ் தனி. காலையில் ஐந்தரைக்குக் குழாய்த் தண்ணீர் பிடிக்கும் வேலையோடு இதையும் நான்தான் செய்யவேண்டும். "அரிசியை விடு" என்று சொல்கிற ஆண்கள் எத்தனை பேர் தங்கள் தட்டுக்குத் தாங்களே சமைக்கிறீர்கள்? கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அதே சமயம் மாமியாரின் கண் போய்விடுமோ என்ற பயமும் எனக்குத்தான் இருக்கிறது.

தேனி பாலு:
ரேவதி, என் சாப்பாட்டை நானேதான் சமைக்கிறேன். வீட்டில் மற்றவர்களுக்குச் சோறு, குழம்பு வழக்கம்போல. அந்தக் குழம்பும் பொரியலும் எனக்கும் உண்டு, சோற்றுக்குப் பதில் முட்டை. பன்னீர் தினமும் கிடையாது. ஆனால் செலவு கூடியது உண்மை. கால் புண்ணுக்கு அப்பாவை வைத்துப் பார்த்த செலவோடு ஒப்பிட்டால் இது சிறியது என்று நான் எடுத்துக்கொண்டேன். எல்லாருக்கும் அப்படி முடியாது என்பது சரிதான்.

கோவை வினோத்:
அரிசிக்குப் பதில் சப்பாத்தி, கேழ்வரகுக் கூழ், தினை இட்லி சாப்பிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

ஈரோடு கவிதா:
வினோத், தீராது. ஒரு சப்பாத்திக்கு 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. மூன்று சாப்பிட்டால் ஒன்றரைக் கப் சோற்றுக்குச் சமம். கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் கூட இருக்கிறது, அவ்வளவுதான். கேழ்வரகைக் களியாகக் காய்கறிக் குழம்போடு அளவாகச் சாப்பிடுவது வேறு. மாவைக் கரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். "சிறுதானியம்தானே" என்று சொல்லி இரண்டு சொம்பு குடித்துவிட்டு என்னிடம் வருபவர்கள் நிறைய.

மதுரை முகில்:
இதனால்தான் அடியோடு விடச் சொல்கிறேன். "அளவாக" என்பதை யார் அளப்பது? தட்டில் சோறு இருந்தால் அம்மா இன்னொரு கரண்டி வைப்பார், கல்யாணத்தில் பரிமாறுபவர் கேட்காமலே போடுவார். சோறே வேண்டாம் என்பவனை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை மனசோடு மல்லுக்கட்டுவதைவிட, ஒரு முறை முடிவெடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது எளிது. புகையை விடும்போது தினம் இரண்டு சிகரெட் என்று யாரும் சொல்வதில்லையே.

கவிதா மேடம், பிரிட்டனில் நடந்த டைரக்ட் என்ற சோதனையையும் நீங்கள் பேசவேண்டும். மூன்று முதல் ஐந்து மாதம் வழக்கமான சாப்பாடு அத்தனையும் நிறுத்தி, 850 கலோரி அளவுக்குப் பானமும் சூப்பும் மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமல் சுகர் தணிந்தது. கடுமையாகப் போனவர்களுக்குத்தான் கைமேல் பலன்.

ஈரோடு கவிதா:
டைரக்டில் அந்தக் கட்டம் முடிந்ததும் சாதாரண உணவைப் படிப்படியாகத் திரும்பக் கொடுத்தார்கள், ரொட்டி, உருளை உள்பட. தணிந்த நிலை நீடித்ததா என்பதைத் தீர்மானித்தது எடை. 15 கிலோவும் அதற்கு மேலும் இறங்கியவர்களில் 86 சதவீதம் பேருக்குச் சுகர் தணிந்தது. இரண்டாம் வருடம் மொத்தக் கணக்கு 36 சதவீதமாக ஆனது. கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைந்ததுதான் காரணம் என்று அந்தக் குழு விளக்கியது. ஒரு தானியத்தின் மேல் பழி இல்லை. அதில் சேர்ந்தவர்கள் சுகர் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். ரேவதியின் மாமியாருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

சிகரெட் ஒப்பீட்டை என்னால் ஏற்க முடியாது. சிகரெட்டை விட்டவருக்கு அந்த இடத்தில் வேறு எதுவும் தேவையில்லை. சோற்றை விட்டவருக்குப் பசிக்கும். அந்தப் பசிக்கு என்ன போடுகிறார் என்பதுதான் என் வேலையே. மிக்சரும் பிஸ்கட்டும் போட்டவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் முகில் சொல்வதில் ஒன்று நிஜம். அளவு நிற்காத சிலர் உண்டு, அவர்களுக்குச் சில மாதம் முழுக்க நிறுத்தச் சொல்கிறேன். ஆள் பார்த்துச் சொல்லவேண்டியதை ஊருக்கே சட்டமாக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

திருவாரூர் சேகர்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். பாலு, உங்கள் பட்டியலில் தேங்காயும் நெய்யும் பன்னீரும் நிறைய. ரத்தத்தில் கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எல்லாம் பார்த்தீர்களா? சுகர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வெற்றி என்று அறிவித்துவிட முடியாது.

தேனி பாலு:
கிரியாட்டினின் சரியாக இருக்கிறது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் கொஞ்சம் ஏறியிருக்கிறது, டாக்டர் நெய்யைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், குறைத்துவிட்டேன். சோற்றுக்குத் திரும்பச் சொல்லவில்லை. நானும் திரும்பப்போவதில்லை.

தண்டையார்பேட்டை ரேவதி:
கவிதா மேடம், தனியாக எதுவும் வாங்காமல், தனியாகச் சமைக்காமல் என் மாமியாருக்கு என்ன மாற்றலாம்? அதை மட்டும் சொல்லுங்கள். சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும்தான் போடுகிறார். கிட்னி நன்றாக இருக்கிறது.

ஈரோடு கவிதா:
ரேவதி, வீட்டுச் சமையலையே வையுங்கள். பரிமாறுவதை மாற்றுங்கள். முதலில் பொரியல் அல்லது கீரை ஒரு கிண்ணம், அதோடு ஒரு முட்டை அல்லது ஒரு கைப்பிடி சுண்டல். அதைச் சாப்பிட்டு முடித்த பிறகு சோறு. காயும் புரதமும் முதலில் போனால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது என்று 2015இல் நியூயார்க்கில் ஒரு சிறிய சோதனையில் பார்த்தார்கள். என் அனுபவமும் அதுதான். சோற்றுக்கு ஒரு கப்பை எடுத்து வைத்துக்கொண்டு அதாலேயே அளந்து போடுங்கள், ரசத்துக்கும் மோருக்கும் சேர்த்து அதே ஒரு கப்தான். ராத்திரி சோற்றுக்குப் பதில் இரண்டு இட்லியும், காய் நிறையப் போட்ட சாம்பாரும். கொண்டைக்கடலை, காராமணி, பச்சைப்பயறு எது மலிவோ அதை வாரம் மூன்று நாளாவது ஊறவைத்துவிடுங்கள், அது எல்லாருக்குமான சுண்டலாகவே இருக்கட்டும். டீயில் சர்க்கரை வேண்டாம்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சுகர் பாருங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு முறை, மாற்றிய பிறகு சில வாரம் கழித்து ஒரு முறை. இறங்கவில்லை என்றால் எண்ணை இங்கே எழுதுங்கள், கப்பை அரையாக்குவோம்.

மதுரை முகில்:
அந்த அரைக் கப்பும் போகட்டும் என்பதுதான் என் கருத்து, ரேவதி அக்கா. ஆனால் சுண்டலில் ஆரம்பியுங்கள். ரிப்போர்ட் வந்ததும் மறுபடி வாதாடலாம்.