பி.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டு எச்.ஆர். வேலை: மூன்று வருடம் வீண்தானா?

மலைக்கோட்டை:
பி.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டு இப்போது ஒரு கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறேன். ரெஸ்யூமே சலிப்பது, போன் போட்டு "நோட்டீஸ் பீரியட் எவ்வளவு சார்" என்று கேட்பது, இதுதான் நாள் முழுக்க. சேர்க்கும்போது கவுன்சிலர் ஆகலாம், கிளினிக் வைக்கலாம் என்றார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும், அதற்கு முதுகலையும் முடித்து மேலே 2 வருட எம்.ஃபில். என்பதுதான் அப்போது வழக்கமான வழி என்று கடைசி வருடத்தில் ஒரு சீனியர் சொல்லித்தான் தெரிந்தது. இது ஏமாற்று இல்லையா?

குறிஞ்சி:
பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் படித்தவர்கள் எல்லாம் இஸ்ரோவுக்கா போனார்கள் தம்பி? நானும் உங்களைப் போல சைக்காலஜி டிகிரிதான், இப்போது செயலி தயாரிக்கும் இடத்தில் யூசர் ரிசர்ச், அதாவது செயலியை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் வேலை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரத்தின் ஓரத்தில் பென்சில் ஓட்டும் சோதனை ஞாபகம் இருக்கிறதா, கை எதிர்ப்பக்கம் இழுக்கும், ஒவ்வொரு தடவையும் எத்தனை பிழை, எத்தனை விநாடி என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவோமே. ஆளைக் குறை சொல்லாமல் அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. எச்.ஆரிலும் அதற்கு வேலை இருக்கிறது, நீங்கள் தேடவில்லை.

மலைக்கோட்டை:
ஃபிசிக்ஸ் படித்தவனைக் கல்யாண வீட்டில் மடக்கி "என் மனசுல என்ன இருக்கு சொல்லு" என்று யாரும் கேட்பதில்லை அக்கா! சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2015-16 தேசிய மனநல ஆய்வில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை, அதிலும் பெரும்பாலானவர்களுக்கு சிகிச்சையே கிடைக்கவில்லை என்று வந்தது. இவ்வளவு தேவை இருக்கும்போது வாசலை ஏன் இத்தனை குறுகலாக வைக்க வேண்டும்? போதாக்குறைக்கு எம்.ஃபிலையே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்திவிட்டு, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை என்று நீட்டித்தார்கள். இதை நம்பி யார் வருடக்கணக்கில் திட்டம் போடுவது?

வைகைக்கரை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். வாசலை அகலப்படுத்தச் சொல்வதை மட்டும் ஏற்கவே மாட்டேன். வாரக்கடைசி சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டு, தற்கொலை எண்ணம் உள்ள பிள்ளையிடம் "பாசிட்டிவாக நினை" என்று சொல்லி அனுப்பியவர்களுக்கு அப்புறம் எங்களிடம்தான் அந்தப் பிள்ளைகள் வருகிறார்கள். 2017 மனநலச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று தகுதியோடு எழுதி வைத்ததும், 2025-ல் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் சைக்காலஜி நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொன்னதும் சும்மா இல்லை. நோயாளியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் இந்த வேலை வராது.

மலைக்கோட்டை:
பயிற்சி வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன் சார்? இடம் கொடுங்கள் என்கிறேன். இருக்கிற சொற்ப இடத்துக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி மனநல நிறுவனங்களில் எவ்வளவு அடிதடி என்று உங்களுக்கே தெரியும்.

வைகைக்கரை:
அதில் உங்கள் பக்கம்தான். இடம் கூடட்டும், தகுதி குறையக் கூடாது.

குறிஞ்சி:
கிளினிக் மட்டும்தான் சைக்காலஜி என்று இரண்டு பேரும் முடிவு கட்டிவிட்டீர்கள், அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. அது இருக்கட்டும், சேரும் முன் இதையெல்லாம் கல்லூரியில் கேட்டீர்களா தம்பி?

மலைக்கோட்டை:
17 வயதில் ஆர்.சி.ஐ. என்று ஒன்று இருப்பதே தெரியாது, அப்புறம் எதைக் கேட்பது அக்கா? ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா என்று அப்பா கேட்டார். அதற்கு மட்டும் டக்கென்று பதில் வந்தது.