பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு வராதவரோடு படம் வைத்துப் பேசுவது எப்படி?

சத்துவாச்சாரி மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு. மூளையில் இடப்பக்கம் அடைப்பு, வலது கை கால் பலவீனம். நாலு மாசம் ஆகுது. நாம சொல்றது பெரும்பாலும் புரியுது, அவர் சொல்ல வந்தா "அது... அது"ன்னு நின்னுடுது. 40 படம் போட்ட சார்ட் ஒண்ணு கொடுத்தோம், அதைத் தொடறதே இல்ல. "ஆமா"ன்னு தலையாட்டிட்டு, கொண்டு வந்து கொடுத்தா வேணாம்னு தள்ளுறார். எழுதச் சொல்லிப் பார்த்தோம், அதுவும் வரல. எத்தனை படம், எவ்வளவு பெருசு, எங்க வைக்கணும்? அண்ணன் பையனுக்கு ஆட்டிசம், 4 வயசு. அவனுக்கும் இதே அட்டை ஆகுமா?

கொசப்பேட்டை:
மேடம், அப்பாவுக்கு வந்திருக்கிறது அஃபேசியா, அதாவது மூளை அடிபட்டதால வர்ற மொழிக் குறைபாடு. பேச்சு போற வழியிலதான் பெரும்பாலும் எழுத்தும் போகும், அதனால சிலேட்டைக் கையில் கொடுத்தா அவருக்கு அவமானம்தான் மிஞ்சும். 40 படத்தில் ஒண்ணைத் தேடறதே பெரிய வேலை. ரெண்டு படத்தில் ஆரம்பிங்க, மூணாவதா "வேற" என்று ஒரு காலி அட்டை. அந்த "வேற" இல்லாட்டி, வேண்டாததில் ஒண்ணைக் காட்டித் தப்பிக்கிறதைத் தவிர அவருக்கு வழி இல்ல.

இடப்பக்க மூளை அடிபட்டா சிலருக்கு வலப்பக்கப் பார்வையும் குறையும். அட்டையை வரிசையா பக்கவாட்டில் பரப்பாம, மேலும் கீழுமா, அவரோட இடது கைப்பக்கம் வைங்க. எப்பவும் மேல இருக்கிறதையே தொடறாரா? இடத்தை மாத்தி அதே கேள்வியை இன்னொரு தடவை கேளுங்க. இடம் மாறினாலும் அதே படத்தைத் தொட்டாத்தான் அது பதில்.

"ஆமா, இல்ல" குழம்பறது இதில் ரொம்ப சாதாரணம். விடை தெரிஞ்ச கேள்வியை ரெண்டு விதமா கேட்டுப் பாருங்க: "இது காட்பாடியா?" "இது சத்துவாச்சாரியா?" ரெண்டுக்கும் தலையாட்டினா, தலையாட்டலை நம்பாதீங்க. டிக் அட்டை, பெருக்கல்குறி அட்டை கொடுத்து தொடச் சொல்லுங்க. கேட்டபிறகு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. மூணாவது நொடியில் கேள்வியை வேற மாதிரி மாத்திக் கேட்கிறோம் பாருங்க, அவருக்கு அது ரெண்டாவது கேள்வி; முதல் கேள்விக்குத் தேடி வச்ச பதிலும் போயிடும்.

வாலாஜா ஜெராக்ஸ்:
அட்டை செய்ற விஷயம் மட்டும் சொல்றேன். 5 செ.மீ. சதுரம் போதும், கண் மங்கலா இருந்தா 8. கார்ட்டூன் வேணாம், ஃபோன்ல எடுங்க: அவர் குடிக்கிற அதே எவர்சில்வர் தம்ளர், வெறும் மேசை மேல, பின்னாடி வேற எதுவும் தெரியாம. தமிழ்ச் சொல்லைப் படத்துக்குக் கீழ பெருசா அடிங்க.

முதல்ல வெட்டி, அப்புறம் லேமினேஷன். ஏ4 உறைக்குள்ள 15 அட்டை, நடுவுல 6 மி.மீ. இடைவெளி. லேமினேட் பண்ணிட்டு தாளோட ஓரத்திலேயே வெட்டினா ஈரம் உள்ள போய் மூணே வாரத்தில் பிரிஞ்சிடும். பளபள உறை ட்யூப்லைட் வெளிச்சத்தில் மின்னும், படமே தெரியாது. மேட் உறை கேளுங்க. வெல்க்ரோவில் மெத்துப் பக்கம் அட்டையில, முள் பக்கம் பலகையில. மாத்தி ஒட்டினா அட்டை லுங்கியிலயும் பெட்ஷீட்டிலயும் மாட்டிக்கும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல பசை இளகிடும். ஒட்டறதுக்கு முன்னாடி ஸ்பிரிட்ல துடைச்சு, ஒட்டினதை ஒரு நாள் தொடாம விடுங்க.

பாலாற்றங்கரை:
ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஆனா அட்டையில என்னென்ன படம்னு யாரும் கேட்கலையே. தண்ணி, பாத்ரூம், சாப்பாடு, வலி, இதோட பெரும்பாலான சார்ட் முடிஞ்சிடுது. 61 வயசு மனுஷர் அதை மட்டுமா பேசிக்கிட்டு இருந்தார்? பாலாத்துல தண்ணி வந்துச்சா, யார் வீட்டுக் கல்யாணம், மொய் எவ்வளவு எழுதினோம், இந்தத் தடவை யார் ஜெயிப்பாங்க, இதெல்லாம் பேச ஆசை இருக்காதா?

குடும்ப ஆல்பத்தை எடுங்க. சம்பந்தி, மாமன், மச்சான் முகங்கள், ஜலகண்டேஸ்வரர் கோயில், கோட்டை அகழி, அவர் வேலை பார்த்த இடம். காலையில் தினத்தந்தியை மடியில் விரிச்சு வைங்க, அதுவே தினமும் புதுசா வர்ற படப் பலகை.

அவர் மட்டும் அட்டையைத் தொடணும்னு வைக்காதீங்க. நீங்களும் பேசும்போது தொட்டுப் பேசணும்: "நாளைக்கு (நாள்காட்டி) மாமா (முகம்) வர்றார் (பஸ்)." வீட்ல யாருமே பேசாத பாஷையில் அவர் மட்டும் எப்படிப் பேசுவார்?

கருத்து கேட்கணும்னா மேல மூணு அட்டை: பிடிக்கும், பரவாயில்ல, பிடிக்காது. கீழ ஒவ்வொரு படமா கொடுத்து, அவரையே எதுக்குக் கீழ வைக்கணுமோ வைக்கச் சொல்லுங்க. ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான 'டாக்கிங் மேட்ஸ்' முறை இதுதான். முடிஞ்சதும் ஃபோட்டோ எடுத்து அவர்கிட்டயே காட்டிச் சரிபாருங்க.

குடியாத்தம் டீச்சர்:
பையனுக்கு வேற வழி. 1985-ல் அமெரிக்காவின் டெலாவரில் பாண்டி, ஃப்ராஸ்ட் ரெண்டு பேரும் உருவாக்கின 'பெக்ஸ்' (படத்தைக் கொடுத்துப் பொருளை வாங்குறது) முறையில் குழந்தை படத்தைத் தொட்டுக் காட்டினா போதாது, எடுத்துக் கையில் கொடுக்கணும். பெரியவங்க ரெண்டு பேர் வேணும். எதிரில் இருக்கிறவர் கையில் முறுக்கு. பின்னாடி இருக்கிறவர், பையன் முறுக்குக்கு எட்டும்போது அவன் கையைப் படத்துக்குத் திருப்பி, அதை எதிரில் இருக்கிறவரோட கையில் வைக்க வைப்பார். வச்ச உடனே "முறுக்கு!"ன்னு சொல்லிக் கொடுத்திடணும். "என்ன வேணும்?"னு முதல்ல கேட்கக் கூடாது, கேட்டா, நாம கேட்டால்தான் படத்தைக் கொடுக்கணும்னு பழகிடுவான். முதல்ல ஒரே படம், பழகினபிறகுதான் ரெண்டு. படம் கொடுத்தா பேச்சு வராமப் போயிடும்னு பாட்டிமார் பயப்படுவாங்க, அப்படி ஆகாது.

சத்துவாச்சாரி மகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வலிக்கு முகப் படம் வச்சா அப்பா எப்பவும் சிரிக்கிற முகத்தையே காட்டுறார். ஏன்?

கொசப்பேட்டை:
"எது பிடிக்கும்?"னு கேட்கிறதா எடுத்துக்கிறார். முகத்தை எடுத்துடுங்க. மனுஷ உருவம் முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு வரைஞ்சு, வலிக்கிற இடத்தைத் தொடச் சொல்லுங்க. அப்புறம் வலி எவ்வளவுன்னு காட்ட தனியா மூணு கட்டம்: காலி, பாதி, முழுசு. அவர் தொட்ட இடத்தை நீங்க லேசா அழுத்தி, "இங்கயா?"ன்னு டிக் அட்டையோட ஒரு தடவை உறுதி பண்ணிக்கோங்க.