தமிழ்நாட்டில் ஆன்லைன் போக்கர்: சட்டம் என்ன சொல்கிறது, பணம் எங்கே சிக்குகிறது

ரிவர்கார்டு_திருச்சி:
"போக்கர் திறமை விளையாட்டுன்னு ஐகோர்ட்டே சொல்லிடுச்சே" என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். சொன்னது உண்மைதான். தமிழக அரசின் 2022 சட்டம் ரம்மி, போக்கர் என்ற இரண்டு சீட்டாட்டங்களையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று அட்டவணையில் சேர்த்திருந்தது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த அட்டவணையை ரத்து செய்தது. 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகளை (ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது) அதே நீதிமன்றம் ஜூன் 3-ல் ஏற்றுக்கொண்டது.

ஆனால் 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்ப்பதே இல்லை. பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் ஆன்லைனில் ஆடினால் அது பண விளையாட்டு. அதை நடத்தக் கூடாது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம் வரை. ஆடுபவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை.

இதை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டு ஆப்களில் போக்கர், ஸ்லாட், ரூலெட் எல்லாவற்றுக்கும் ஒரே வாலட். ரூலெட்டில் ஒரு முறை பந்தயம் வைத்தாலே மாநிலச் சட்டத்தின்படி அது சூதாட்டம். அங்கே ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. விபிஎன் (இருப்பிடத்தை மறைக்கும் மென்பொருள்) போட்டாலும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஊர் மாறாது. விபிஎன்னைக் காரணம் காட்டி அந்த ஆப்பே உங்கள் பேலன்ஸை முடக்கினால் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்?

வக்கீல்_மதுரை:
கிளப் ஆப் (தெரிந்தவர்கள் குழுவாகச் சேர்ந்து ஆடும் போக்கர் ஆப்) பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆப்பில் இருப்பது வெறும் சிப்ஸ் (ஆட்ட வில்லைகள்), காசு கிடையாது. ஏஜென்ட் வாரக் கடைசியில் ஜிபேயில் கணக்கு முடிப்பார், அதனால் பிரச்சினை இல்லை என்கிறார்கள். பிரச்சினை இருக்கிறது. பணமாக மாற்றக்கூடிய காயின், டோக்கன், கிரெடிட், நேரடியாக வாங்கினாலும் சுற்றி வளைத்து வாங்கினாலும், சட்டத்தின் பார்வையில் பந்தயப் பொருள்தான். நண்பர்களுக்காகச் சிப்ஸ் ஏற்றிக் கொடுத்து ரேக்கில் (ஆட்டத்திலிருந்து கிளப் எடுக்கும் கமிஷனில்) பங்கு வாங்கும் தம்பி, தன்னைச் சாதாரண ஆட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வழக்கு என்று வந்தால் அவர் நடத்துபவர் பக்கம் நிற்க நேரிடும். அது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். இங்கே யாராவது அப்படிச் செய்துகொண்டிருந்தால் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

காசில்லாத சிப்ஸில் ஆடுவதற்குத் தடை இல்லை. சந்தா கட்டிப் பயிற்சி ஆப் பயன்படுத்தலாம். அந்தக் கட்டணம் பந்தயமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கவுன்டர்_நம்பர்_4:
வங்கியில் அதிகம் வருவது முடங்கிய கணக்குகள்தான். நடப்பது இப்படி: வெளிநாட்டுத் தளத்தில் ஒவ்வொரு முறை டெபாசிட் செய்யும்போதும் வேறு வேறு ஆளின் யுபிஐ ஐடி வரும். ஜெயித்த பணமும் முன்பின் தெரியாத ஒருவர் கணக்கிலிருந்துதான் வரும். அந்தக் கணக்கில் யாரோ ஏமாந்து அனுப்பிய பணம் விழுந்திருந்து, அவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்தால், பணம் போன வழியில் உள்ள கணக்குகள் வரிசையாக முடங்கும். உங்களுக்கு வந்தது 4,000 ரூபாய்தான் என்றாலும் சம்பளக் கணக்கே நின்றுவிடலாம்.

கிளைக்குப் போனால் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்: புகாரின் அக்னாலெட்ஜ்மென்ட் எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், லியன் (வங்கி நிறுத்திவைத்த) தொகை எவ்வளவு, குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் லியனா அல்லது பணமே எடுக்க முடியாத முழு டெபிட் முடக்கமா. முழு முடக்கம் என்றால், சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கோரி மனு கொடுங்கள்; சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் இப்படி உத்தரவிட்டிருக்கிறது. விசாரணை அதிகாரிக்கு விளக்கம் அனுப்பும் முன் வக்கீலிடம் காட்டுங்கள். "நண்பர் கொடுத்த கடன்" என்று பொய் எழுதுவது நிலைமையை இன்னும் கெடுக்கும். ஸ்டேட்மென்ட்டில் அதே மாதிரி பத்து வரவு இருந்தால் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

ஆடிட்டர்_கோவை:
பழைய ஆட்டத்துக்கான வரி பாக்கியை மறந்துவிடாதீர்கள். ஒரு நிதியாண்டில் எடுத்த பணத்தையும் ஆண்டு முடிவில் உள்ள இருப்பையும் கூட்டி, போட்ட பணத்தையும் தொடக்க இருப்பையும் கழிக்க வேண்டும். 20,000 போட்டு 50,000 எடுத்து, தொடக்க இருப்பு இல்லாமல் 5,000 மீதி இருந்தால் நிகர வெற்றி 35,000. அதில் 30 சதவீதம், அதாவது 10,500, டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி). மொத்த வருமானம் குறைவுதான் என்றாலும் இந்த வெற்றிக்கு அடிப்படை விலக்கு வரம்பு பொருந்தாது. ஏஐஎஸ்ஸில் (வருமான வரித் துறை வைத்திருக்கும் உங்கள் ஆண்டு வரவு விவரத்தில்) பதிவாகியிருப்பதை ரிட்டர்னில் காட்டாவிட்டால் நோட்டீஸ் வரலாம்.

இப்போது டெலிகிராமில் ஓடும் மோசடி ஒன்று: "உங்கள் வெற்றித் தொகை 2 லட்சம் தயார், 30 சதவீத வரியை முதலில் கட்டினால் விடுவிப்போம்" என்பார்கள். டிடிஎஸ் என்பது கொடுக்கிற பணத்தில் பிடித்துக்கொள்வது. தனியாக யாரும் அனுப்பச் சொல்ல மாட்டார்கள். அப்படி அனுப்பிவிட்டவர்கள் உடனே 1930-ஐ அழையுங்கள், யுடிஆர் எண்ணை (பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண்) கையில் வைத்துக்கொண்டு.