என்சிலாடா சிக்கன்: மசாலா டப்பாவைத் திறப்பதற்கு முன்

இந்த வருடம் டெக்சஸுக்கு வந்த ஒரு தங்கை கேட்டிருந்தார்: "ஆபீஸ் பாட்லக்குக்கு (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து) வீட்டிலேயே என்சிலாடா செய்யலாம் என்று இருக்கிறேன். சிக்கனுக்கு என்ன மசாலா போடுவது? நம்ம சிக்கன் மசாலாவே போட்டால் சரியாக வருமா?"

புதிதாக வந்த பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என்சிலாடா என்பது டார்ட்டியா எனும் மெல்லிய ரொட்டிக்குள் கோழி வைத்துச் சுருட்டி, மிளகாய்ச் சாஸும் சீஸும் சேர்த்துச் சுடும் மெக்சிகன் பதார்த்தம். நான் ஹூஸ்டனுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. எங்கள் பழைய அபார்ட்மென்ட்டில் எதிர்வீட்டில் மெக்சிகோவின் மொன்டெரேயைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். கீழே எழுதியிருப்பதில் பெரும்பாலானவை அவர் அடுப்படியில் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவை.

சிக்கன் மசாலா வேண்டாம். போட்டாலும் ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அது என்சிலாடா ஆகாது. கறிக்குள் மசாலா இறங்கினால்தான் நமக்குச் சமையல். இங்கே மணமும் காரமும் வெளியே இருக்கும் மிளகாய்ச் சாஸில் இருக்கிறது. என்சிலாடா என்ற பெயருக்கே மிளகாய் ஏற்றியது என்றுதான் பொருள். மிளகாய் ஏறுவது டார்ட்டியா மேல். உள்ளே வைக்கும் கோழிக்கு உப்பு சரியாக இருக்க வேண்டும், ஈரம் காயாமல் இருக்க வேண்டும், சீரகமும் ஆரெகானோ என்ற உலர்ந்த மூலிகை இலையும் லேசாக மணக்க வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்தது மிளகாய்த்தூள். புதிதாக வருகிற எல்லோரும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கடையில் 'சில்லி பவுடர்' என்று விற்பது நம் மிளகாய்த்தூள் இல்லை. அது ஒரு கலவை: காரம் குறைந்த மிளகாய், சீரகம், ஆரெகானோ, பூண்டுத்தூள், பல பிராண்டுகளில் உப்பும் சேர்ந்திருக்கும். இங்குள்ள செய்முறைகளில் மூன்று டேபிள்ஸ்பூன் சில்லி பவுடர் என்று எழுதியிருந்தால் அந்தக் கலவையைத்தான் சொல்கிறார்கள். முதல் வருடம் எனக்கு இது தெரியவில்லை. ஊரிலிருந்து அம்மா மில்லில் அரைத்து அனுப்பிய தூளை அதே அளவு போட்டுவிட்டேன். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஒரு வாய் வைத்ததும் அழ ஆரம்பித்தவள் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது: இந்தக் கடைத் தூளைப் புளிக்குழம்பில் போட்டால் குழம்பு முழுக்க ஆரெகானோ வாசம் அடிக்கும். இரண்டு டப்பாவையும் தனித்தனியாக வைத்து, மேலே தமிழில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சரி, கோழிக்கு வருவோம். எலும்பில்லாத தொடைக்கறி இரண்டு பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம் வாங்குங்கள். நெஞ்சுக்கறி சீக்கிரம் காய்ந்து நாராகிவிடும், அதனால் எனக்குத் தொடைதான் பிடிக்கும். நாம் மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் கழுவிப் பழகியவர்கள். ஆனால் பச்சைக் கோழியைக் கழுவினால் தெறிக்கும் தண்ணீரோடு கிருமி தொட்டி முழுக்கப் பரவும், கழுவ வேண்டாம் என்று அமெரிக்க விவசாயத் துறை சொல்கிறது. எனக்கும் மனசு ஒப்பவே ரொம்ப நாள் ஆனது. இப்போது பேப்பர் டவலால் ஒற்றி எடுப்பதோடு சரி.

கறி மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, பாதி வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு பிரிஞ்சி இலை, ஒன்றரை டீஸ்பூன் உப்பு போட்டு மெல்லிய தீயில் வையுங்கள். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். 20 முதல் 25 நிமிடத்தில் வெந்துவிடும். தெர்மாமீட்டர் இருந்தால் உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். வெந்ததும் உடனே வெளியே எடுக்காமல் அந்தத் தண்ணீரிலேயே கால் மணி நேரம் கிடக்கட்டும். எதிர்வீட்டு அம்மா இதில் மிகக் கண்டிப்பு. உப்பு உள்ளே இறங்குவதும் ஈரம் நிற்பதும் அப்போதுதான் என்பார். பிறகு கையால் பிய்த்துக்கொள்ளுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சாஸுக்கு வேண்டும்.

சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றிப் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வதக்குங்கள். அரை டீஸ்பூன் சீரகத்தூள், உள்ளங்கையில் கசக்கிய ஆரெகானோ ஒரு டீஸ்பூன், அப்புறம் பிய்த்த கோழி. கடைசியாக, கீழே சொல்லும் சாஸிலிருந்தே மூன்று நான்கு கரண்டி எடுத்துக் கோழியில் பிரட்டுங்கள். உள்ளும் வெளியும் ஒட்டுவது இதனால்தான். டெக்சஸ் பக்கத்துச் சமையலில் சீரகம் தூக்கலாக இருக்கும், மெக்சிகோவின் நடுப்பகுதியில் கிள்ளித்தான் போடுவார்கள். மஞ்சள், கரம் மசாலா, இஞ்சி மூன்றும் வேண்டாம். இஞ்சி பூண்டு விழுது கை தானாக எடுக்கும், பூண்டை மட்டும் தட்டிப் போடுங்கள்.

ஆரெகானோவில் மெக்சிகன் ஆரெகானோ என்று பார்த்து வாங்குங்கள். பீட்சா மேல் தூவுகிற ஆரெகானோ துளசி, புதினா குடும்பம். மெக்சிகன் ஆரெகானோ வேறு குடும்பத்துச் செடி, வாசம் இன்னும் கூர்மை. முகர்ந்தால் நம் கற்பூரவல்லி ஞாபகம் வரும்.

சாஸுக்குக் குவாஹியோ மிளகாய் ஆறு, ஆஞ்சோ மிளகாய் இரண்டு. குவாஹியோ நீளமாக, வழவழவென்று சிவப்பாக இருக்கும், பாக்கெட்டில் ஆங்கில 'ஜி'யில் தொடங்கும். ஆஞ்சோ கறுத்துச் சுருங்கி, உலர்திராட்சை போல மணக்கும். காம்பும் விதையும் எடுத்துவிட்டு வெறும் சட்டியில் அரை நிமிடம் வாட்டினால் போதும், கருகினால் சாஸ் முழுக்கக் கசக்கும். வாட்டும்போது நெடி ஏறும், ஸ்மோக் டிடெக்டர் அலறும். முன்கூட்டியே மின்விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். டிடெக்டரைப் பிளாஸ்டிக் கவரால் மூடி வைக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், தீ பிடித்தால் உங்களை எழுப்புவது அதுதான்.

வாட்டிய மிளகாயைச் சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பூண்டு, வெங்காயம், சீரகம், கோழி வெந்த தண்ணீர் சேர்த்து அரையுங்கள். குவாஹியோ தோல் தடிப்பு, வடிகட்டியே ஆக வேண்டும். பிறகு காய்ந்த எண்ணெயில் ஊற்றிப் பச்சை வாசம் போகக் கொதிக்கவிடுங்கள். இது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மிளகாய்கள் கிடைக்காத ஊரில் காஷ்மீரி மிளகாய் போடலாம். நிறம் வரும், ஆஞ்சோவின் இனிப்பு வராது.

இவற்றை வாங்க மெக்சிகன் கடைக்குப் போவீர்கள் அல்லவா, சும்மா ஒரு சுற்று சுற்றிவாருங்கள். சௌசௌ, புளி, நம் பச்சை மிளகாய்க்குப் பக்கத்தில் வரும் செரானோ, கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி எல்லாம் இருக்கும். 'கனேலா' என்று மெல்லிய பட்டை வைத்திருப்பார்கள். அது இலங்கைக் கறுவா. சூப்பர்மார்க்கெட்டில் பட்டை என்று பொதுவாக விற்பது தடித்த கேசியா. இந்தியன் கடை ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்று வருந்துபவர்களுக்கு இந்தக் கடை பெரிய ஆறுதல்.

டார்ட்டியா மக்காச்சோளத்தில் செய்ததாக இருக்கட்டும். எண்ணெயில் பத்து விநாடி புரட்டி, சாஸில் தோய்த்து, கோழி வைத்துச் சுருட்டுங்கள். எண்ணெயில் புரட்டாவிட்டால் உடையும். மேலே மீதி சாஸ், சீஸ். ஓவனுக்குள் சட்டி பானை அடுக்கி வைத்திருந்தால் எடுத்துவிட்டு 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 15 நிமிடம்.

தொடர்ந்து வந்த கேள்விகளுக்கு:

கடையில் சுட்ட முழுக்கோழி வாங்கிப் பிய்த்துப் போடலாமா? தாராளமாக. வேலை நாளில் நானும் காஸ்ட்கோவில் 4.99 டாலருக்கு விற்கும் கோழியைத்தான் வாங்குகிறேன். அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, நீங்கள் உப்பு போட வேண்டாம். ஹலால் பார்ப்பவர்கள் ஹலால் கடையில் பச்சைக் கறி வாங்கி மேலே சொன்னபடி செய்வது நல்லது.

பாட்லக்கில் சைவர்கள் இருந்தால்? இன்னொரு தட்டில் பன்னீரும் கீரையும் வைத்துச் செய்யலாம், ஆனால் சாஸைக் கோழித் தண்ணீர் சேர்க்காமல் தனியாக அரையுங்கள். டின்னில் வரும் மசித்த பீன்ஸ் வாங்குவதாக இருந்தால் லேபிளைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். ஆங்கிலத்தில் லார்ட், ஸ்பானிஷில் மான்டேகா என்று போட்டிருக்கும். தட்டின் மேல் எது கோழி, எது சைவம் என்று சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள் தங்கை, நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் யாராவது எடுப்பார்கள்.